நாற்பது பேராக வாழ்ந்தவன்

அந்த அலுவலகத்தில் அவனுக்குப் பசை என்று பெயர். எதைக் கையில் கொடுத்தாலும் எங்கேயாவது ஒட்டிவிட்டுத்தான் வருவான் என்பதால் முதலாளி வைத்தது. அம்மா அப்பா வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஒட்டியது லிங்க். சோபா விற்பவர், பல் டாக்டர், வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று ஆளாளுக்கு வெப்சைட் போட்டுவிடுவார்கள். போட்டபின், ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்று முதலாளியிடம் வந்து மூக்கால் அழுவார்கள். "கவலையே படாதீங்க. உங்க சைட் ராக்கெட் மாதிரி மேல போகும்" என்பார் அவர். அதனால் அவருக்கும் ராக்கெட் என்று ஒரு பெயர் உண்டு. அதை அவர் காதுபடச் சொல்ல மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ராக்கெட்டுக்குத் தீ வைக்கிற வேலை பசையுடையது. அதற்கு அவன் பெரிதாக நம்பியது அலமாரி என்ற தளத்தை. அலமாரியில் யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு தட்டு எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் பிடித்த பக்கம் கண்ணில் பட்டால் அதை அந்தத் தட்டில் சேமித்து, பக்கத்தில் ஒரு வரி குறிப்பும், 'முழங்கால் வலி', 'மகளுக்கு', 'அப்புறம் படிக்க' என்று குறிச்சொல்லும் போட்டு வைக்கலாம். நம் தட்டை ஊரே பார்க்கலாம், ஊரார் தட்டை நாமும் பார்க்கலாம். ஒரு பக்கத்தை நிறையப் பேர் சேமித்தால் அது முன்வரிசைக்கு வந்துவிடும். வந்துவிட்டால் பல் டாக்டர் வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

நிறையப் பேருக்கு எங்கே போவது? பசையே நிறையப் பேராக இருந்தான். நாற்பது சொச்சம் தட்டுகள், நாற்பது சொச்சம் பெயர்கள், நாற்பது சொச்சம் முகங்கள். ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினீயர் ஒருவர் இருந்தார். இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருத்தி. மலையேறும் வங்கி ஊழியர், எதற்கும் திருப்திப்படாத பள்ளி ஆசிரியை, நாய்ப் பைத்தியம் பிடித்த ஒரு கணக்கர். கப்பல் இன்ஜினீயர் ஆச்சரியக்குறி போடமாட்டார். இரட்டைக் குழந்தைகளின் தாயால் அது இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. ஒரே லிங்க்கை இரண்டு பேர் ஒரே நாளில் தொடக்கூடாது என்பது பசையின் சட்டம். இன்று காலை ஒருவர், நாளை மறுநாள் மதியம் இன்னொருவர் என்று ஆற அமர ஒட்டுவான். "ஒரு ஊரையே வயித்துக்குள்ள வச்சிருக்கான்யா" என்று ராக்கெட் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை வருடத்தில் அலமாரியில் மற்றவர்களுடைய தட்டு ஒன்றையாவது அவன் நின்று படித்ததில்லை. போவான், ஒட்டுவான், வருவான். சுவரில் வேறு என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தேவைப்படவில்லை.

அவனுடைய அக்கா பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை பார்த்தவள். அவள் கத்தரிக்கோலைப் பிடித்தால் கடையில் பேச்சு நின்றுவிடும் என்பார்கள். மழை நாளொன்றில் வண்டி சறுக்கி, வலது தோளில் நரம்பெல்லாம் அறுந்துபோனது. கை இருந்த இடத்திலேயே இருந்தது, வேலை மட்டும் செய்யவில்லை. இனி செய்யாது என்று டாக்டர் சொன்னபோது அத்தான்தான் தேம்பினார். அக்கா அந்தக் கைக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள். "சும்மா உக்காந்திருக்கும், வேலை சொல்லக்கூடாது, போற இடமெல்லாம் கூட்டிட்டுப் போகணும். வேற என்னன்னு சொல்றது?"

சிரித்தாளே தவிர, அவள் உள்ளே உடைந்துபோயிருந்தாள். ஒன்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள். அத்தான் தலைவாரிவிட்டார், சாப்பாட்டைத் துண்டு போட்டுக் கொடுத்தார். அவர் லிப்ட் மெக்கானிக். காலையில் வேலைக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். அதுவரை அவள் மூடி திறக்க முடியாத தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கோபத்தில் அதை முழங்கால் நடுவில் வைத்து நெரித்து இடது கையால் திருகினாள். திறந்துகொண்டது. தண்ணீரில் பாதி பாவாடையில் கொட்டியது.

அதைத் தம்பியிடம் சொன்னபோது அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததை அவன் கவனித்தான். "அக்கா, இதை எழுதேன். நான் பக்கம் போட்டுத் தர்றேன்" என்றான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எழுத ஆரம்பித்தாள். இடது கையின் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை: பாட்டில் மூடி, பல் தேய்ப்பது, தலை சீவுவது, சட்டைப் பொத்தான், ஷூ கயிறு. எழுத வேண்டுமென்றால் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்க்க வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். வாரம் ஒரு பக்கம் என்று போய்க்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு வேலையாக அவள் தன் வீட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நகம் வெட்டுகிற பக்கம் வந்தபோது பசை அசந்தே போனான். யோசித்துப் பாருங்கள். இருப்பது ஒரு கை. நகம் வளர்வதும் அதே கையில். அந்த நகத்தை எந்தக் கையால் வெட்டுவது? அவனுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அக்கா நகவெட்டியை மேசை விளிம்பில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தாள். அதன் பிடியில் கயிறு கட்டி, மேசைக்குக் கீழே விட்டு, நுனியில் ஒரு வளையம் போட்டு அதில் காலை நுழைத்துக்கொண்டாள். விரலை நகவெட்டியின் வாயில் கொடுத்துக் காலை அழுத்தினாள். டக். அத்தான் அதற்குக் கப்பி போட்டு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று பறந்தார். "லிப்ட் எல்லாம் வேணாங்க. நகம்தான்" என்றாள் அக்கா. பசை அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பத்து விரல்களும் அவனுக்குத் திடீரென்று ஊதாரித்தனமாகத் தோன்றின.

பக்கத்தின் அடியில் அன்றாடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஓர் எண் இருந்தது. அது பதினைந்து, இருபது என்று நொண்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, பசையும் வந்திருந்தபோது, அக்கா அத்தானைக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் பக்கத்தைத் திறக்கிறீங்க?"

அத்தான் ரொட்டியை மென்றுகொண்டே தலையைச் சொறிந்தார். "எண்ணினதில்லையே. ஒவ்வொரு லிப்ட்டும் சரி பண்ணி முடிச்சதும் ஒரு தடவை பார்ப்பேன். லிப்ட் வர லேட்டானா இன்னொரு தடவை."

"நீ?"

பசை விழித்தான். "காலையில ஒண்ணு. சாயங்காலம் ரெண்டு."

"அப்ப இந்த இருபதும் நீங்க ரெண்டு பேருதான்." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "என் புருஷனுக்கும் என் தம்பிக்கும் நான் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்திட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் ரெண்டு கையும் நல்லா இருக்கு."

அந்த வாரம் பக்கம் எழுதவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பசை போய்ப் பார்த்தபோது அவள் தலை சீவாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி திறந்த பாட்டில்கள் வரிசையாக நின்றன. அத்தான் வேலைக்குப் போகுமுன் திறந்து வைத்துவிட்டுப் போனவை. எழுத்து நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவனுக்கு அந்தப் பாட்டில்களைப் பார்த்ததும் புரிந்தது. அக்கா இந்தக் கட்டிலோடு போய்விடுவாள். ஆள் வேண்டும், அவ்வளவுதானே? ஆளுக்கா பஞ்சம்?

அலுவலகத்துக்குத் திரும்பியவன் சோபாவையும் பல்லையும் ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தான். கப்பல் இன்ஜினீயர் வந்தார், நகம் வெட்டும் பக்கத்தைச் சேமித்தார். இரட்டைக் குழந்தைகளின் தாய் ஆச்சரியக்குறியோடு வந்தாள். மலையேறி, ஆசிரியை, கணக்கர், ஒருவர் பின்னால் ஒருவர். அருமை. மிகவும் பயனுள்ள பக்கம். கண்ணில் நீர் வந்தது. அனைவரும் படிக்க வேண்டும். ஊரார் லிங்க்கை ஆற அமர ஒட்டுகிறவன் சொந்த அக்கா என்றதும் தன் சட்டத்தைத் தானே காற்றில் விட்டான். ஒரே மதியத்தில் நாற்பது பேரும் வந்து போனார்கள். எதற்கும் திருப்திப்படாத ஆசிரியைகூட அன்று கண்ணீர் விட்டாள்.

மறுநாள் அந்த எண் எகிறியது. அலமாரியின் முன்வரிசையில் அக்காவின் பக்கம் வந்து நின்றது. பசை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். புதிய குறிப்புகள் மேலே நின்றன, அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். அத்தான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பூரித்தார். அவள் மட்டும் பூரிக்கவில்லை.

"நான் முடி வெட்டின காலத்துல," என்றாள் மெதுவாக, "நாலு பேருக்கு ஒருத்தியாவது கண்ணாடியைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பா. இங்க இத்தனை பேர்ல ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையாடா?"

"நல்லா எழுதியிருக்கே, அதான்" என்று பூசி மெழுகினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்த நாள் அலமாரியில் அந்தப் பக்கமே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வரி: இந்தத் தளம் குப்பை என்று விலக்கப்பட்டுள்ளது. ஒரே மதியம், ஒரே வாசலிலிருந்து நாற்பது பேர் வந்தால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது? பசைக்கு இது புதிதில்லை. பெயின்ட் அடிப்பவருக்கு ஒரு முறை இப்படி ஆகியிருக்கிறது. ஓரிரு மாதம் ஆறப்போட்டு வேறு பெயரில் தளம் போட்டால் தீர்ந்தது. அக்காவிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "உடனே வா."

சமையலறை மேசையில் கணினி திறந்திருந்தது. அக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவளுடைய தளத்தின் முகவரிக்கு யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்.

'அம்மா, உங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் என் தட்டில் சேர்த்து வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால் எல்லாவற்றின் மேலும் குப்பை என்று போட்டிருக்கிறது. எப்படியோ தேடி உங்களைப் பிடித்துவிட்டேன். ஆனால் அங்கே என்னைப் போல் இன்னும் பலர் வைத்திருந்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் மூடிவிட்டீர்களா? என் மகன் பல் தேய்க்கப் பழகிவிட்டான். அடுத்து ஷூ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.'

பசை அதை இரண்டு முறை படித்தான். என்னைப் போல் இன்னும் பலர். நாற்பது பேரோடு போய் ஒட்டிய அந்த மதியம், அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். உண்மையான ஆட்கள். அவன் தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்த இருபதில் முக்கால்வாசி அத்தான் என்று நினைத்தார்களே, அத்தான் பாவம் நாலோ ஐந்தோ தடவைதான்.

"என்ன பண்ணின?" என்றாள் அக்கா.

சொன்னான். கப்பல் இன்ஜினீயரிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். அத்தான் இடையில் புகுந்து "உனக்காகத்தானேம்மா..." என்று இழுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குக் கைதான்டா வரல, கண்ணு நல்லாத் தெரியுது. அன்னிக்கே தெரிஞ்சுது எல்லாம் ஒரே வாய்தான்னு. நீ பாசத்துல பண்றேன்னு விட்டுட்டேன்." அவள் திரையிலிருந்த அந்தக் கடிதத்தை விரலால் தட்டினாள். "நான் யாருமே இல்லன்னு இத்தனை நாள் உக்காந்து அழுதேன். ஆளு இருந்திருக்காங்கடா. இருந்தவங்க மேல நீ குப்பைன்னு எழுத வச்சுட்ட. யார் யாரு அவங்க? எத்தனை பேரு? என்ன எழுதி வச்சிருந்தாங்க?"

"தெரியாதுக்கா. நான் பார்க்கல."

"பார்க்கலையா? ஒட்டத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாதா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. "எனக்கு அவங்க வேணும். எப்படியாவது திரும்பக் கொண்டு வா. இல்லேன்னா இனி இந்தக் கணினியை நான் தொடமாட்டேன்."

அவன் அலமாரிக்கு எழுதினான். வழக்கமாக எழுதுகிற மழுப்பல் வேண்டாம் என்று நடந்ததை நடந்தபடி எழுதினான். பெரிய நிறுவனம், பதில் வர நாளாகும் என்று நினைத்தான். அன்று மதியமே வந்தது.

'நான் ஒருவன்தான் இந்த அலமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, இதைச் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். மக்கள் தங்களுக்கு முக்கியம் என்று நினைப்பதை என்னை நம்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். உங்களைப் போன்றவர்களைக் கூட்டித் தள்ளவே என் நேரம் போகிறது. உங்களுடைய பொய்த் தட்டுகள் அத்தனையையும் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவை போக, தெரியாததும் இருக்கும். சொன்னால் அந்தப் பெண்மணியின் பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். ஒன்றை மறைத்தாலும் மூடியது மூடியதுதான்.'

ஒரு ஆள்! பசை நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தினமும் ஏமாற்றிய அந்தப் பிரம்மாண்டத்தின் பின்னால் ஒரே ஒரு ஆள், வேலை முடிந்து வந்து, ஊர் உலகத்தின் தட்டுகளையெல்லாம் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவன் ஒரு ஆள் நாற்பதாக நடித்தான். அங்கே ஒரு ஆள் லட்சம் பேருக்குக் காவல் இருக்கிறார். அவனுக்கு வெட்கமும் வியப்பும் ஒன்றாக வந்தன, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

தட்டுகளைச் சொன்னால் அவற்றோடு சோபாவும் பல்லும் பெயின்ட்டும் போய்விடும். அலுவலகம் அவற்றின் மேல்தான் நின்றது. முதலாளிக்குச் சொல்லாமல் செய்வது திருட்டு என்று பட்டது. எழுந்துபோய் ராக்கெட்டிடம் சொன்னான்.

ராக்கெட் பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டார். பிறகு கத்தினார். "யோவ், ஒரு ஊரையே கொளுத்தப் போறேங்கிற?"

"அங்க ஆளே இல்ல சார்."

"உங்க அக்காவோட பக்கத்துக்கு வேற வழி பார்த்துக்கலாம். புதுப் பேரு போடு, நானே பண்ணித் தர்றேன்."

"பக்கம் பிரச்சினை இல்ல சார். அதைச் சேர்த்து வச்சிருந்தவங்க வேணும். அவங்களைப் புதுசா பண்ண முடியாது."

"இதை அனுப்பினா நாளையிலேருந்து வராதே."

பசை தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு பெயராக அடித்தான். நாய்ப் பைத்தியம், மலையேறி, ஆசிரியை. கப்பல் இன்ஜினீயரிடம் வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது. பாவம், ஒரு நாளும் ஆச்சரியக்குறி போடாத மனுஷன். அவரையும் அடித்தான். அனுப்பினான். மேசையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அக்கா வீட்டில் அத்தானும் இருந்தார், அன்று அவருக்கு விடுமுறை. மூன்று பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியே வெயில் கணினித் திரையில் விழுந்தது. அத்தான் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து விட்டார். பசை அலமாரியில் அக்காவின் பக்கங்களைத் திறந்தான். குப்பை என்ற சொல் அங்கே இல்லை.

நாற்பது பேர் போன இடம் வெறுமையாக இருக்கும், பத்துப் பேர் தேறினால் பெரிது என்று நினைத்திருந்தான். திரை கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது. பசை விரலை எடுக்கவில்லை. அத்தான் "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

"மெதுவா போடா," என்றாள் அக்கா. "படிக்கணும்."

அவை யாருக்கும் எழுதப்பட்டவை இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத்தானே மறந்துவிடாமல் இருக்க எழுதி வைத்த வரிகள். 'நகம். அப்பாடா.' 'அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் காட்ட.' 'வகுப்பில் சொல்லிக் கொடுக்க, மூன்றாவது படம் நன்றாக இருக்கிறது.' 'மனைவிக்குத் தெரியாமல் பழகி ஒரு நாள் அசத்த வேண்டும்.' ஒருவர் குறிப்பே எழுதவில்லை. குறிச்சொல் மட்டும் இருந்தது: 'நாளைக்கு'. அதே ஆள் அதற்குப் பிறகு வந்து ஷூ கயிறு பக்கத்தைச் சேமித்திருந்தார். அங்கே குறிச்சொல், 'இன்றைக்கு'.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தான் வெளிப்படையாகவே கண்ணைத் துடைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

பசை ஒரு பெயரைச் சொடுக்கினான். வாழ்க்கையிலேயே முதல் முறையாக இன்னொருவருடைய தட்டுக்குள் போனான். மிகக் கீழே, பழையவற்றிலிருந்து பார்த்தான். கிட்டார் வாசிக்க ஏழெட்டுப் பாடங்கள். மலிவான கூடாரங்கள். பைக் டயர். ஒரு பெண்ணுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்ற பக்கம், குறிப்பு: 'ரொம்ப யோசிக்காதே'. மீண்டும் கிட்டார். அப்புறம் 'எலும்பு சேர எத்தனை நாள்'. அப்புறம் 'கை எடுத்தபின் இல்லாத கையில் வலி'. அப்புறம் பல மாதங்களுக்கு ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அதைத் தாண்டி மேலே வந்தால் 'பழைய கிட்டார் விற்க'. அதற்கு மேலே அக்காவின் பாட்டில் மூடி. அக்காவின் நகம். அக்காவின் தலை சீவல். அதற்கும் மேலே, போன வாரம் சேமித்தது: 'கழுத்தில் தாங்கி மாட்டிக்கொண்டு மவுத் ஆர்கன் வாசிப்பது எப்படி'.

பசைக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அவன் கட்டிய நாற்பது பேரும் சோபா வாங்கினார்கள், பல்லைக் காட்டினார்கள், ஒருவனுக்கும் ஒரு நாள்கூட வெள்ளையாகப் போனதில்லை. இந்த ஆள் ஒரு வரி கதைகூடச் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டே போயிருக்கிறான், ஒரு வாழ்க்கை முழுசாக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படி எத்தனை தட்டுகள்! இத்தனை வருடம் இதன் நடுவில் நடமாடியும் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. பெரிய கோயில் ஒன்றுக்குள் செருப்போடு நடந்துவிட்டவனைப் போல அவன் ஒடுங்கிப்போனான்.

"என் பக்கத்துக்கு அப்புறமாடா அந்த மவுத் ஆர்கன்?" என்று அக்கா கேட்டாள்.

"அப்புறம்தான்க்கா."

அவள் நெடுநேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். பிறகு, "மிச்சத்தையும் காட்டு" என்றாள்.

பாதிக்கு மேல் வந்தபோது ஒரு குறிப்பில் அவள் கண் நின்றது. 'சட்டைப் பொத்தான் பக்கம் பெண்கள் உடுப்புக்கு மட்டும்தான் சரி. ஆண்கள் சட்டையில் பொத்தான் மறுபக்கம் வரும். எனக்கும் இடது கைதான். இவர் சொன்னபடி செய்தால் விரல் பின்னிக்கொள்கிறது. எழுதியவர் தன் துணி அலமாரியைத் தாண்டி யோசிக்கவில்லை.' குறிச்சொல்: 'உதவாது'.

பசைக்குத் திக்கென்றது. இப்போதுதான் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள், அதற்குள் இது கண்ணில் பட வேண்டுமா? சட்டென்று கீழே தள்ளப் பார்த்தான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு, இரு. இவன் சொல்றது சரி!" அவள் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையே! என் சட்டையை மட்டும் வச்சுப் பார்த்தேன். பொத்தான் அந்தப் பக்கம் போனா பெருவிரல் எப்படி நுழையும்? நுழையாதுதான்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "என்னங்க, சட்டையைக் கழட்டுங்க."

"இப்பவா?" என்றார் அத்தான்.

"இல்ல, பொங்கிப் பொங்கி அழுது முடிச்சப்புறம். கழட்டுங்கன்னா."

அத்தான் பனியனோடு உட்கார்ந்தார். அவருடைய சட்டையை அக்கா தன் உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். முதலில் வேலை செய்யாத கை, அப்புறம் தலை வழியாகச் சுற்றி மற்றது. கழுத்துப் பொத்தானில் ஆரம்பித்தாள், வரவில்லை. சட்டை வழுக்கியது. மேலே போனால் கீழே இழுத்தது, கீழே பிடித்தால் மேலே நழுவியது. அத்தான் உதவ எழுந்தார். "கிட்ட வந்தீங்க!" என்றாள். பசையும் எழுந்தவன் உட்கார்ந்துகொண்டான். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் யோசித்தாள். சட்டையின் கீழ் நுனியைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். துணி விறைத்து நின்றது. இந்த முறை அடிப் பொத்தானிலிருந்து மேலே வந்தாள். நடுவிரலை முதலில் துளைக்குள் விட்டு, அந்தப் பக்கம் காத்திருந்த பொத்தானின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். நழுவியது. மறுபடி. நழுவியது. நெற்றியில் வியர்வை கோத்தது, உதடு மடிந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால் கடையில் பேச்சு நின்றுவிடும் என்பார்களே, அந்த நிசப்தம் அந்தச் சமையலறையில் நின்றது. பசை மூச்சு விடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான் மெல்லத் தலையைக் காட்டி, துளை வழியாக வெளியே வந்தது.

அத்தான் பனியனோடு கைதட்டினார். பசை "அக்கா!" என்று கத்தினான்.

அக்கா அதற்குள் இரண்டாவது பொத்தானில் இருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"என்ன வாயைப் பொளந்து பார்த்திட்டிருக்க? கணினியை இழு, நான் சொல்லச் சொல்ல அடி. சீக்கிரம்டா. அங்க ஒரு மனுஷன் சட்டையைத் திறந்துபோட்டு நிக்கிறான்."